இலிரியச் சுரங்கத்தாரின் மெழுகுப் பலகை: செய்யும் முறை

கி.பி. 6 முதல் 9 வரை பாட்டோ என்ற ஒரே பெயர் கொண்ட இரு தலைவர்களின் கீழ், பால்கன் பகுதியின் மேற்கில் வாழ்ந்த இலிரியக் குடிகள் ரோமை எதிர்த்துத் தோற்றன. 106இல் டாசியா (இன்றைய ருமேனியப் பகுதி) ரோமின் கைக்கு வந்தபின், பிருஸ்டர் என்ற குடியினர் முதலிய இலிரியர்கள் அங்கே அல்புர்னுஸ் மயோர் தங்கச் சுரங்கப் பகுதியில் குடியேறினார்கள். அங்கு கிடைத்த மெழுகுப் பலகைகள், மரப்பலகையில் பூசிய மெழுகில் கீறி எழுதிய, 131 முதல் 167 வரையிலான பத்திரங்கள். சட்டம் ரோமுடையது, பெயர்கள் பலவும் இலிரியருடையவை. சேலம் பள்ளிக் கண்காட்சிக்கு அட்டையில் போர்வீரன் செய்வதைவிட இது எவ்வளவோ மேல்.

ஏற்காட்டு எஸ்டேட்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் பலகை போதும். நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை மரம் வளைந்து மெழுகை விரிசல் விட வைக்கும். 14 x 12 செ.மீ., 1 செ.மீ. கனத்தில் மூன்று துண்டு. மூன்றையும் அடுக்கினால் ஆறு பக்கம். 1, 6 வெறும் மரம். 2, 3, 5இல் ஓரத்தில் 1 செ.மீ. விட்டு 2 மி.மீ. ஆழம் செதுக்குங்கள். 4இன் நடுவே மேலிருந்து கீழாக 2 செ.மீ. அகலம், 3 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளம். கடைசியில் வைக்கும் அரக்கு முத்திரைகள் அதற்குள் அடங்கினால்தான் மூன்றாம் பலகை நசுக்காது.

மலைத்தேன் எடுப்பவர்களிடம் தேன்மெழுகு 80 கிராம் வாங்கி, அகல் விளக்குக் கரி ஒரு தேக்கரண்டி சேர்த்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். மரத்தை வெயிலில் சூடேற்றியபின் ஊற்றுங்கள். குளிர்ந்த மரத்தில் மெழுகு ஒட்டாமல் ஏடாகப் பெயரும். மெழுகுவத்தி மெழுகு வேண்டாம், கீறினால் உதிரும். எழுத்தாணியை மெல்ல ஓட்டுங்கள். அழுத்தினால் மரத்தில் கீறல் விழும். மெழுகு போன பல பலகைகளை ஆய்வாளர்கள் அந்தக் கீறலை வைத்தே படித்தார்கள்.

எழுத 164ஆம் ஆண்டுக் கூலி ஒப்பந்தம் பொருத்தம்: மெம்மியுஸ் நவம்பர் 13 வரை 70 டெனாரியஸ் (ரோம வெள்ளிக்காசு) கூலிக்குச் சுரங்க வேலை செய்வான், வெள்ளம் தடுத்தால் கூலி அதற்கேற்பக் குறையும். எழுதத் தெரியாது என்று அவன் சொன்னதால் வேறொருவர் எழுதினார். 139ஆம் ஆண்டுப் பத்திரத்தையும் மாணவர்கள் படிக்க வேண்டும். வெர்சோவின் மகன் தாசியுஸ் என்ற பிருஸ்டர், பாசியா என்ற ஆறு வயதுச் சிறுமியை 205 டெனாரியஸுக்கு விற்றிருக்கிறான். வாங்கியவன் பாட்டோவின் மகன் மாக்சிமுஸ். கலகத் தலைவர்களின் பெயர் 130 ஆண்டு கழித்தும் வீடுகளில் வழங்கியிருக்கிறது. ரோமிடம் தோற்ற இலிரியர்களும் அடிமை வாங்கினார்கள்.

ஒப்பந்தத்தை 2, 3இல் எழுதி, முதல் இரு பலகைகளையும் பள்ளத்தின் வழியே நூலால் கட்டி, நூல்மேல் ஏழு அரக்கு முத்திரை வையுங்கள். பக்கத்தில் சாட்சிகள் பெயர். அதே வாசகத்தை 5இல் மறுபடி எழுதுங்கள். வெளியே இருக்கும் இந்த நகலை யாராவது திருத்திவிட்டதாக வழக்கு வந்தால்தான் நூலை அறுத்து உள்ளே பார்ப்பார்கள்.