வடக்கும் தெற்கும் பிரிந்த கதையைப் படிக்கும் முறை: அமெரிக்கக் குடியரசு, 1787–1850

அமெரிக்கக் குடியரசின் தொடக்கக் கால வரலாற்றைக் கற்க முனைவோர் பெரும்பாலும் குடியரசுத் தலைவர்களின் வரிசையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொருவரின் ஆட்சிக் காலத்தையும் தனித்தனி அத்தியாயமாகப் படிக்கிறார்கள். அப்படிப் படித்தால் 1861-இல் மூண்ட உள்நாட்டுப் போர் எங்கிருந்தோ திடீரென வந்ததாகவே தோன்றும். மேற்கே புதிதாகச் சேர்ந்த நிலங்களில் அடிமைமுறை நுழையலாமா கூடாதா என்ற ஒரே கேள்வியைத் தொடக்கம் முதல் விடாமல் பின்தொடர்வதே நான் பரிந்துரைக்கும் வழி. அதற்கு எல்லைக்கோடுகள் மட்டும் வரைந்த ஒரு வரைபடமும், இரண்டு பத்திகள் பிரித்த ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும்.

முதலில் 1787-இன் அரசமைப்புச் சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிரதிநிதிகள் சபை இடங்களை மக்கள்தொகைப்படி பங்கிடும்போது, வாக்கோ வேறெந்த உரிமையோ இல்லாத அடிமைகளில் ஐந்தில் மூன்று பங்கினர் கணக்கில் சேர்க்கப்பட்டனர். இதனால் அவர்களை அடிமைப்படுத்தியவர்களின் மாநிலங்களுக்கே கூடுதல் இடங்கள் கிடைத்தன. செனட்டிலோ மாநிலம் பெரிதானாலும் சிறிதானாலும் இரண்டு இடங்கள்தான். வடக்கின் மக்கள்தொகை வேகமாக வளர்ந்து பிரதிநிதிகள் சபை கைநழுவிப் போகப் போக, தெற்கு செனட்டை ஏன் அவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டது என்பதை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

அடுத்து வரைபடத்துக்கு வாருங்கள். ஒஹையோ ஆற்றுக்கு வடக்கே உள்ள நிலப்பகுதியில் 1787-இன் வடமேற்கு நிலப்பகுதிச் சட்டம் அடிமைமுறையைத் தடைசெய்தது. ஆற்றுக்குத் தெற்கே அத்தகைய தடை இல்லை. 1803-இல் ஜெபர்சன் அரசு 1.5 கோடி டாலருக்கு பிரான்ஸிடமிருந்து லூயிசியானாவை வாங்கியபோது நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரட்டிப்பானது. ஆனால் அந்தப் புதிய பரப்புக்கு அப்படியொரு பொது விதி வகுக்கப்படவில்லை. வண்ணம் தீட்டும்போது, அந்த நிலம் வெறுமையாகக் கிடக்கவில்லை என்பதை மறவாமல், அங்கு வாழ்ந்த ஓசேஜ், டகோட்டா, பானி முதலிய மக்களின் பெயர்களையும் எழுதிவையுங்கள். இதைத் தவிர்க்கும் வரைபடங்களே அதிகம். அவற்றை நம்பிப் படிப்பவர் பாதிக் கதையை இழக்கிறார்.

வரைபடத்தின் தெற்குப் பகுதியில் பருத்தியைக் குறிப்பது மிக அவசியம். பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் எந்திரத்தை எலி விட்னி 1793-இல் உருவாக்கிய பிறகு, கடற்கரையிலிருந்து தள்ளிய உட்பகுதி மண்ணிலும் விளையும் குட்டை இழைப் பருத்தி லாபப் பயிராகி, அலபாமா, மிசிசிப்பி என்று மேற்கு நோக்கிப் பரவியது. 1790-இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1820-இல் 15 லட்சத்தைத் தாண்டியது. இந்த எண்களைக் குறிக்கும்போது, இவர்களில் பலர் பழைய தென் மாநிலங்களிலிருந்து குடும்பத்தைப் பிரித்து விற்கப்பட்டு மேற்கே நடத்திச் செல்லப்பட்ட மனிதர்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

இப்போது குறிப்பேட்டின் ஒரு பத்தியில் அடிமைமுறை இல்லாத மாநிலங்களையும், மறு பத்தியில் அடிமை மாநிலங்களையும் சேர்ந்த ஆண்டோடு எழுதி வாருங்கள். 1816-இல் இண்டியானா, 1817-இல் மிசிசிப்பி, 1818-இல் இலினாய், 1819-இல் அலபாமா என்று எழுதும்போதே ஒரு சமநிலை தென்படும். 1819 இறுதியில் இருபுறமும் பதினொன்று.

இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று படியுங்கள். மிசூரி மாநிலமாக விண்ணப்பித்தபோது, நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மட்ஜ் 1819 பிப்ரவரியில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: இனி அங்கு புதிய அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது, இனி அங்கு அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பிள்ளைகள் 25 வயதில் விடுதலை பெற வேண்டும். பிரதிநிதிகள் சபை ஏற்றது, செனட் மறுத்தது. 1820-இன் உடன்படிக்கைப்படி மெய்ன் அடிமைமுறையற்ற மாநிலமாகவும் மிசூரி அடிமை மாநிலமாகவும் அனுமதிக்கப்பட்டன. லூயிசியானா நிலத்தின் எஞ்சிய பகுதியில் 36 பாகை 30 நிமிட அகலக்கோட்டுக்கு வடக்கே அடிமைமுறை தடைசெய்யப்பட்டது. அந்தக் கோட்டை உங்கள் வரைபடத்தில் அழுத்தமாக வரையுங்கள். கட்சிப் பூசல் ஏறத்தாழ அடங்கியிருந்த காலத்தில் உறுப்பினர்கள் கட்சியைப் பார்க்காமல் வட்டாரத்தைப் பார்த்து வாக்களித்தார்கள் என்பதே இந்த நிகழ்வின் முக்கியத்துவம் என்று கருதுகிறேன்.

மாநில உரிமை பற்றிய பேச்சுகளைப் படிப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். பேசியவர் யார், எந்த ஆண்டில் பேசினார், அப்போது அவருடைய வட்டாரத்துக்கு எது ஆதாயம் என்ற மூன்றையும் சரிபார்க்காமல் எந்த உரையையும் கொள்கையாக ஏற்காதீர்கள். 1814-இல் ஹார்ட்ஃபோர்டில் கூடி மத்திய அரசுக்கு எதிராக மாநில உரிமை பேசியவர்கள் வடக்கைச் சேர்ந்த நியூ இங்கிலாந்துக்காரர்கள். இறக்குமதிப் பொருள்கள் மீதான 1816-இன் காப்பு வரியைத் தென் கரோலினாவின் கால்ஹூன் ஆதரித்தார், வடக்கின் டேனியல் வெப்ஸ்டர் எதிர்த்தார். 1828-க்குள் இருவருமே நிலை மாறியிருந்தார்கள். 1832 நவம்பரில் தென் கரோலினா 1828, 1832 ஆண்டுகளின் காப்பு வரிச் சட்டங்கள் தன் எல்லைக்குள் செல்லாது என அறிவித்தபோது, குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் படைபலத்தைப் பயன்படுத்தவும் தயாரானார். ஆனால் அதே ஆண்டில் பூர்வகுடிகளான செரோக்கி மக்களுக்குச் சாதகமாக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை ஜார்ஜியா புறக்கணித்தபோது அவர் தலையிடவில்லை. 1838-இல் அந்த மக்கள் தம் மண்ணிலிருந்து துரத்தப்பட்டு, வழியிலும் முகாம்களிலும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, அந்தத் தலைமுறையின் அரசியலில் மாநில உரிமை என்பது யாருக்கு எதிராகப் பயன்பட்டது, யாருக்கு எதிராக அடக்கப்பட்டது என்பது தெளிவாகும்.

பத்திகளை நிரப்புவதைத் தொடருங்கள்: 1836-இல் ஆர்கன்சா, 1837-இல் மிச்சிகன், 1845-இல் ஃபுளோரிடாவும் டெக்சாஸும், 1846-இல் அயோவா, 1848-இல் விஸ்கான்சின். மெக்சிகோவுடனான போரில் கிடைக்கும் நிலத்தில் அடிமைமுறை கூடாது என்ற பென்சில்வேனியா உறுப்பினர் வில்மாட்டின் முன்மொழிவை 1846-இல் பிரதிநிதிகள் சபை ஏற்றபோதும் செனட் அதை நிறைவேற்றவில்லை. 1850-இல் கலிஃபோர்னியா இணையின்றி வடபத்தியில் சேர, கணக்கு பதினாறுக்குப் பதினைந்து ஆனது. அந்த ஆண்டில் வடக்கும் தெற்கும் செய்துகொண்ட சமரசத்தில், தப்பியோடிய அடிமைகளை வட மாநிலங்களிலிருந்தும் பிடித்துத் தர மத்திய அரசின் அதிகாரத்தைக் கோரியது தெற்குதான் என்பதைக் குறித்துக்கொண்டு, இதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மாநிலங்களை எண்ணுவதை விட்டு, வாக்கெடுப்புகளில் ஒரே கட்சியின் வட, தென் பிரிவினர் எப்படிப் பிரிந்தார்கள் என்று எழுதத் தொடங்குங்கள்.