நண்டு இரத்தத்தில் பெப்டைடு தேட வருகிறவர்களுக்கு

கோடை லீவு விட்டதும் எங்கள் ஆய்வகத்துக்கு புராஜெக்ட் செய்ய மாணவர்கள் வந்துவிடுவார்கள். பாதிப் பேர் கொண்டுவரும் தலைப்பு ஒன்றுதான்: நீலக்கால் நண்டின் இரத்தத்தில் கிருமியைக் கொல்லும் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த குட்டிப் புரதம். நான் தங்கச்சிமடத்துக்காரி. எட்டு வருஷமாக மண்டபம் பக்கம் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும் வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டு போனதால், இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஏன் நண்டு? வலையைக் கழிக்கும்போது கால் ஒடிந்துபோன நண்டைப் பார்த்திருப்பீர்கள். ஒடிந்த இடம் கருத்து, காய்ந்து, அடைத்துக்கொள்ளும். கடல் தண்ணீர் முழுக்கக் கிருமி. அதில் கிடந்தும் நண்டு அழுகிச் சாவதில்லை. நமக்கு இருப்பதுபோல எதிர்ப்பொருள் அதற்குக் கிடையாது. இரத்த அணுக்களில் சின்னச் சின்னப் பெப்டைடுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது, காயம் பட்டதும் வெளியே விடுகிறது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நேர் மின்சுமை. பாக்டீரியாவின் மேல்பரப்புக்கு எதிர் மின்சுமை. போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் குலைத்துவிடும். நம் செல்களின் வெளிப்பக்கத்தில் அந்த எதிர் மின்சுமை குறைவு, அதனால் நாம் ஓரளவு தப்பிக்கிறோம். 1987இல் மைக்கேல் ஜாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறித் தைத்து, சுத்தமில்லாத தொட்டித் தண்ணீரில் விட்டும் காயம் சீழ் பிடிக்காததைக் கவனித்துத்தான் மகைனின் என்ற 23 அமினோ அமிலப் பெப்டைடைப் பிடித்தார். நேர் மின்சுமை என்பதை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் அதுதான் நம்மைப் படுத்தப்போகிறது.

நண்டு வாங்குவது சுலபம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை, ஆனால் வத்தை, வள்ளம் மாதிரிச் சின்னப் படகுகள் போகும், கரையில் உயிர் நண்டு கிடைக்கும். சினை நண்டு வேண்டாம். ஓடு மாற்றி மெத்தென்று இருப்பதும் வேண்டாம். கடல் அட்டை, கடல் குதிரை பக்கம் கையே நீட்டாதீர்கள், அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை, புராஜெக்ட் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். நான் வழக்கமாக வாங்கும் மாமா முதல் தடவை ஊசியைப் பார்த்துவிட்டு, “என்னத்தா, நண்டுக்குக் காய்ச்சலா?” என்றார். இன்றைக்கும் போனால் அதே கேள்விதான்.

நண்டை ஐஸில் 10 நிமிடம் வையுங்கள், அடங்கிவிடும். கடைசியில் இருக்கும் துடுப்புக் காலின் அடியில், ஓடும் ஓடும் சேரும் இடத்தில் மெல்லிய தோல் இருக்கும். 70 சதவீத எத்தனாலால் அங்கே துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அப்புறம் ஊசி. ஈரத்தோடு குத்தினால் எத்தனாலும் கூடவே ஊசிக்குள் வரும். இரத்தம் தண்ணீர் மாதிரி இருக்கும், காற்றுப் பட்டதும் இளநீலமாகும். அதில் இருப்பது செம்பு.

ஊசிக்குள் முதலிலேயே உறையாமல் தடுக்கும் கரைசல் இருக்க வேண்டும், இரத்தம் எவ்வளவோ அவ்வளவு. 1983இல் சோடர்ஹால், ஸ்மித் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிய செய்முறையைத்தான் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 100 மில்லிக்கு உப்பு 2.63 கிராம், குளுக்கோஸ் 1.8, டிரைசோடியம் சிட்ரேட் 0.88, சிட்ரிக் அமிலம் 0.55, இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள்) 0.37, பி.ஹெச். 4.6. எல்லாம் ஐஸ் குளிர்ச்சியில் இருக்கட்டும். குழாயில் இரத்தம் கருக்க ஆரம்பித்தால் மெலனின் உண்டாகிவிட்டது என்று அர்த்தம், ஒடிந்த காலில் பார்த்த அதே கருப்பு. அதை ஊற்றிவிட்டு வேறு நண்டைப் பாருங்கள்.

குளிர் சென்ட்ரிஃபியூஜில் மெதுவாகச் சுழற்றி அணுக்களைக் கீழே இறக்கி, மேலே உள்ளதைக் கொட்டிவிடுங்கள். அணுக்களை அதே கரைசலில் ஒருமுறை கழுவி, 10 சதவீத அசிட்டிக் அமிலம் விட்டு உடைத்து, இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள். பெரிய புரதங்கள் பலவும் திரிந்து கீழே போகும், பெப்டைடு மேலே கரைந்து நிற்கும். வேகமாகச் சுழற்றி மேல்நீரை எடுத்து உறைய வைத்து உலர்த்துங்கள். உப்பு மிச்சமிருந்தால் பெப்டைடின் வேலை மங்கும், அதனால் சி-18 குப்பியில் (பெப்டைடைப் பிடித்துக்கொண்டு உப்பை விட்டுவிடும் சின்ன வடிகட்டி) ஏற்றி உப்பை நீக்கிவிடுவது நல்லது. கண்ணாடிக் குழாய் வேண்டாம், பாலிப்ரொப்பிலின் போதும். கண்ணாடியில் பெப்டைடு ஒட்டிக்கொள்ளும்.

இனி தட்டு. பாக்டீரியா கலந்த கூழைத் தட்டில் ஊற்றி, அதில் குழி போட்டு மாதிரியை விடுவோம். பாக்டீரியா செத்தால் குழியைச் சுற்றித் தெளியும், அந்தத் தெளிந்த வட்டம்தான் ஜோன். எல்லோரும் தடுக்கி விழும் இடம்.

எங்கள் அம்மா தீவு ஓரங்களில் மரிக்கொழுந்துப் பாசி எடுத்தவர். தட்டில் ஊற்றும் கூழான அகார் அதிலிருந்துதான் வருகிறது. அந்த அகாரிலேயே நான் முதல் மாதம் முழுக்கத் தட்டு ஊற்றினேன், ஒரு குழியைச் சுற்றியும் ஒன்றும் தெளியவில்லை. நண்டில் பெப்டைடே இல்லை என்று நோட்டில் எழுதியும் விட்டேன். பிறகுதான் தெரிந்தது: அகாரில் சல்ஃபேட் தொங்கும், அதற்கு எதிர் மின்சுமை. பாக்டீரியாவைத் தேடிப் போக வேண்டிய பெப்டைடைப் பாசியே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வீட்டில் சொன்னதற்கு அம்மா, “கஷ்டப்பட்டு முங்கி எடுத்த பாசி, சும்மா விடுமா?” என்று சிரித்தார்.

ஆகவே அகாரிலிருந்து சுத்தம் செய்து எடுத்த, மின்சுமை குறைந்த அகரோஸ் வாங்குங்கள். விலை அதிகம்தான், வழியில்லை. 1991இல் லேரர் என்ற ஆய்வாளரின் குழு எழுதிய முறை இது: 10 மில்லிமோலார் பாஸ்பேட், பி.ஹெச். 7.4, அதில் 1 சதவீத அகரோஸ், 0.03 சதவீதம் மட்டும் டிரிப்டிக் சோயா பொடி (பாக்டீரியாவின் தீனி). 42 டிகிரிக்கு ஆறியதும், 10 மில்லிக்குச் சுமார் 40 லட்சம் பாக்டீரியா கலந்து ஊற்றுங்கள். 3 மில்லிமீட்டர் குழி, குழிக்கு 5 மைக்ரோலிட்டர். 37 டிகிரியில் 3 மணி நேரம் கழித்து மேலே சத்துள்ள அகரோஸ் 10 மில்லி, 6 சதவீதப் பொடியோடு. மறுநாள் காலையில் பாருங்கள். முதலில் பட்டினி, அப்புறம் சாப்பாடு. பட்டினி நேரத்தில் பெப்டைடு தன் வேலையை முடித்துவிடும். பாக்டீரியாவை ஆஸ்பத்திரியிலிருந்து கேட்டு வாங்காதீர்கள். சண்டிகரில் உள்ள எம்.டி.சி.சி. என்ற நுண்ணுயிர்ச் சேமிப்பிலிருந்து தீங்கில்லாத ஈ.கோலை கே-12, மைக்ரோகாக்கஸ் லூடியஸ் வரவழைத்தால் போதும்.

இப்போது வெறும் குழி, அதாவது கொல்லும் பொருள் எதுவும் விடாமல் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் குழி. தட்டில் குறைந்தது நான்கு குழி வேண்டும்: மாதிரி, முட்டை லைசோசைம் (பாக்டீரியாவைக் கொல்லும் என்று ஏற்கெனவே தெரிந்த புரதம்), உறையாமல் தடுக்கும் கரைசல் மட்டும், பிறகு நண்டே இல்லாமல் அசிட்டிக் அமிலத்திலிருந்து உலர்த்தல்வரை எல்லாப் படியும் கடந்த ஒரு வெற்றுக் குழாயின் நீர். இந்த நான்காவதைத்தான் விட்டுவிடுவார்கள். நானும் விட்டேன். இரண்டாவது மாதம் 11 மில்லிமீட்டர் ஜோன் வந்தது. ஆய்வகம் முழுக்கப் பால்பேடா கொடுத்தேன். பெரியவர் ஒருவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “அமிலம் காஞ்சிருச்சா?” என்று மட்டும் கேட்டார். காயவில்லை. உலர்த்தியில் பாதி ராத்திரி கரண்ட் போயிருந்தது. வெற்றுக் குழாயைப் போட்டால் அதுவும் 11. கொன்றது அசிட்டிக் அமிலம். இ.டி.டி.ஏ.யும் லேசுப்பட்டதில்லை, ஈ.கோலையின் வெளிச்சவ்வைத் தளர்த்திவிடும். பால்பேடா காசு போனது போனதுதான்.

வெறும் குழிகள் சுத்தமாக இருந்து, மாதிரிக் குழி தெளிந்தால், புரதத்தை வெட்டும் நொதியான டிரிப்சினை மாதிரியில் சேர்த்துப் பாருங்கள். டிரிப்சின் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் இருக்கும் இடத்தில் வெட்டும். நேர் மின்சுமையைக் கொடுப்பதும் அவைதானே. பி.ஹெச். 8இல், 37 டிகிரியில் 1 மணி நேரம் வைத்த பிறகு ஜோன் மறைந்தால் புரதமோ பெப்டைடோ என்று எழுதலாம். மறையாவிட்டால் உடனே மனம் விட வேண்டாம், கந்தகப் பிணைப்பால் மடிந்து கட்டுண்ட பெப்டைடுகள் சில டிரிப்சினுக்கு அசையாது, புரோட்டினேஸ் கே என்ற இன்னொரு நொதியையும் போட்டுப் பாருங்கள். டிரிப்சின் மட்டும் உள்ள குழியும் வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புண்ணில் தடவிப் பார்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. பாக்டீரியாவைக் கிழிப்பது நம் சிவப்பணுவையும் கிழிக்கலாம், தேனீ விஷத்தில் உள்ள மெலிட்டினும் 26 அமினோ அமிலப் பெப்டைடுதான். மகைனினிலிருந்து செய்த மருந்தையே 1999இல் அமெரிக்காவில் அனுமதிக்கவில்லை.

பார்த்து முடித்த தட்டுகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே குப்பைக்கு. நண்டைத் தொட்டித் தண்ணீரில் விட்டுவிடுங்கள், ஒரு மில்லி எடுத்ததற்கு ஒன்றும் ஆகாது. ஊசி போட்ட நண்டைக் குழம்புக்குக் கேட்டு யாராவது வருவார்கள், கொடுக்காதீர்கள்.