பேஸ் வரவில்லையா? முதலில் டிப்பைப் பாருங்கள்

இன்-இயர் மானிட்டர் புதிதாக வாங்கியவர்கள் அதிகம் சொல்லும் குறை, "பேஸே இல்லை, கீச்சென்று கேட்கிறது" என்பது. பேஸ் என்பது கனமான, தாழ்ந்த ஒலி. வேறு மாடல் தேடும் முன், காதுக்குள் நுழையும் மெத்தென்ற முனையான டிப்பைக் கவனியுங்கள். காதுக்குழாயை இறுக்கமாக அடைத்து, வெளிச்சத்தத்தைத் தடுத்து, சின்ன டிரைவரின் (ஒலி எழுப்பும் பகுதியின்) ஒலியைச் செவிப்பறைக்கு அருகில் சேர்ப்பதற்கென்றே அமைந்த கருவி இன்-இயர் மானிட்டர். மெல்லிய இடைவெளி இருந்தாலும் பேஸ் அதன் வழியே கசிந்துவிடும். மிருதங்கத்தில் தொப்பி மறைந்து, வலந்தலை மட்டும் கேட்கும்.

மாட்டும் முறை இதுதான். வலது பக்கத்துக்கானதை வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடியுங்கள். இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய், வலது காது மடலின் மேல்பகுதியை மேலும் பின்னுமாக இழுத்தால் வளைந்த காதுக்குழாய் நேராகும். அப்போது மெதுவாக உள்ளே செலுத்தி, லேசாகத் திருப்பிப் பொருத்துங்கள். பிறகு வயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்புறம் விடுங்கள். வாயை மூடி "ம்" என்று முனகிப் பாருங்கள். குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது.

கூட வரும் மூன்று அளவு டிப்களையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். வாய் திறக்கும்போது கழன்றால் சிறியது; வலித்தால் பெரியது. பெரியது ஆழமாக இறங்காது, அதனாலும் பேஸ் போகும். ஃபோம் டிப்பைச் சுத்தமான விரல்களில் உருட்டி ஒடுக்கி, காதில் வைத்து, விரியும்வரை 20–30 வினாடி பிடித்திருங்கள்.

மாட்டும்போது உள்ளே "மொறுக்" என்று கேட்டால், அடைபட்ட காற்று டிரைவரின் மெல்லிய சவ்வை அமுக்குகிறது. நிதானமாகச் செலுத்துங்கள், எடுக்கும்போதும் திருகியபடி எடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் நாளாக நாளாகச் சத்தம் குறைந்தால், முதல் சந்தேகம் ஒலி வெளிவரும் வாயில் உள்ள வலையில் படிந்த காதுக் குரும்பிமேல்தான். டிப்பைக் கழற்றி, வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் தட்டித் தேயுங்கள். கவிழ்த்துப் பிடிப்பது முக்கியம், இல்லையென்றால் தூள் உள்ளே விழும். ஊசியால் குத்துவதும் தண்ணீர் விடுவதும் டிரைவரையே கெடுத்துவிடும். டிப்பை மட்டும் சோப்பு நீரில் கழுவலாம் (ஃபோம் என்றால் துடைத்தால் போதும்). நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள்.

வலை சுத்தமாக இருந்தும் குறை தீரவில்லையா? வயரைக் கழற்ற முடிந்த மாடல் என்றால், இடது, வலது வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள். குறை வயரோடு போனால் புது வயர் வாங்கினால் முடிந்தது. 0.78 மி.மீ. இரண்டு-பின் இணைப்பை நேராகத்தான் இழுக்க வேண்டும். திருகினால் பின் வளையும். எம்எம்சிஎக்ஸ் என்ற இன்னொரு வகை வட்ட இணைப்பு சுழலும், ஆனாலும் கழற்றும்போது நேராகவே இழுங்கள். எதுவானாலும் பிடிப்பது இணைப்பியின் தலையை, வயரை அல்ல.

வியர்வையைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள்.

வெளிச்சத்தம் அடைபடுவதால் குறைந்த ஒலியே போதும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 80 டெசிபல் என்றால் வாரம் 40 மணி நேரம் பாதுகாப்பாகக் கேட்கலாம். 90 ஆனால் வெறும் 4 மணி நேரம். மேடையில் பாடுபவர்கள் ஒரு காதில் உள்ளதைக் கழற்றிவிட்டுப் பாடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்: திறந்த காதில் மேடைச் சத்தம் நேரடியாக இறங்கும், அதை ஈடுகட்ட மற்ற காதில் ஒலியைக் கூட்டிக்கொண்டே போவீர்கள்.