குன்னூர் குளிரில் பாராயணக் குழு: நாலு பேர், நாலு மணி

ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர் ஒரே தெருவில் இருந்தால் பாராயணக் குழு ஆரம்பித்துவிடலாம். முதல் வேலையாக வாட்ஸ்அப் குழு மட்டும் திறந்துவிடாதீர்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். இருபத்து மூன்று பேர் சேர்ந்தார்கள், காலை வணக்கமும் தாமரைப் படமும் வந்து குவிந்தன, வெள்ளிக்கிழமை ஜமுக்காளத்தை விரித்துவிட்டுப் பார்த்தால் நானும் என் வீட்டுக்காரியும்தான் உட்கார்ந்திருக்கிறோம். அப்புறம் வீடு வீடாகப் போய், "அக்கா, நாளைக்கு நாலு மணிக்கு வாங்க, டீ போட்டு வெக்கிறோம்" என்று கூப்பிட்ட பிறகுதான் ஆள் வந்தது.

அந்த நாலு மணியை மாற்றாதீர்கள். விளக்கு வைக்கிற நேரம்தான் விசேஷம் என்று யாராவது சொல்வார்கள், சமவெளிக்கு அது சரி. இங்கே இருட்டினால் தேயிலைத் தோட்டத்திலிருந்து காட்டுமாடு ரோட்டுக்கு வந்து நிற்கும், பனிமூட்டத்தில் பத்தடி தள்ளி நிற்பதுகூடத் தெரியாது, முட்டி வலியோடு படி இறங்குகிறவர் அதன் முன்னால் என்ன செய்வார்? ஐந்துக்கெல்லாம் முடித்துவிடுங்கள். மார்கழியில் திருப்பாவை 30 பாசுரத்தையும் நாளுக்கொன்றாக நாங்கள் சொல்வது காலை பதினோரு மணிக்கு, வெயில் விழும் திண்ணையில். ஆண்டாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எதில் தொடங்குவது? கந்த சஷ்டி கவசத்தில். சூலமங்கலம் சகோதரிகள் பாடிய மெட்டு எல்லோர் காதிலும் ஏற்கெனவே இருக்கிறது, புத்தகம் இல்லாதவரும் கூடவே வந்துவிடுவார். அடுத்து கோளறு பதிகம், 11 பாட்டுதான். விஷ்ணு சஹஸ்ரநாமத்தை மூன்றாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சண்டை வருகிற இடம் அதுதான். தமிழ் எழுத்தில் அச்சிட்ட சில புத்தகங்களில் சமஸ்கிருத ஒலி வித்தியாசத்தைக் காட்ட க, ச, த, ப மேல் 2, 3, 4 என்று பொடி எண் இருக்கும், சிலதில் இருக்காது. எண் போட்ட புத்தகக்காரர் 'க3' என்பதை 'கோவிந்தா'வில் வரும் மெல்லிய ககரமாகச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'கல்'லில் வரும் வல்லினமாகச் சொல்ல, நடுவில் ஒருவர் இரண்டு பேரையும் திருத்தப் போவார். எல்லோருக்கும் ஒரே பதிப்பு, அதுவும் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்தது. உச்சரிப்பைத் திருத்துவதென்றால் டீ குடிக்கும்போது, பாராயணத்தின் நடுவில் கூடவே கூடாது.

இதைவிடப் பெரிய தொல்லை வேகம். மனப்பாடமாகத் தெரிந்தவர் ஓடுவார், பார்த்துப் படிக்கிறவர் மூச்சு வாங்கிப் பின்னால் வருவார், இரண்டு வாரத்தில் வருவதையே நிறுத்திவிடுவார். எங்கள் குழுவில் அந்த ஓடுகிற ஆள் நான்தான். தனியாகச் சொன்னால் சஹஸ்ரநாமத்தை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன், அதில் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கண்புரை ஆபரேஷன் ஆன டீச்சரம்மா ஒருவர் ஒரு நாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, "நீங்க சொல்லுங்க சார், நான் கேட்டுக்கறேன்" என்றார். அடுத்த வாரம் ஜால்ராவை அவர் கையில் கொடுத்துவிட்டோம். அவர் தட்டுகிற வேகம்தான் இப்போது எல்லோருக்கும் வேகம், முக்கால் மணி நேரம் ஆகிறது, ஆகட்டும்.

மூச்சுக்கு ஒரு வழி இருக்கிறது. சஹஸ்ரநாமச் சுலோகம் அனுஷ்டுப் என்கிற சந்தம், ஒரு சுலோகத்துக்கு 32 எழுத்து, பதினாறில் இயல்பாகவே ஒரு நிறுத்தம் விழும். இரண்டு வரிசையாக எதிரெதிரே உட்கார்ந்து முதல் பாதியை ஒரு வரிசை, மறு பாதியை மற்ற வரிசை என்று பிரித்துக்கொண்டால் ஒருவர் சொல்லும்போது மற்றவர் இளைப்பாறலாம். நாற்காலியில்தான் உட்கார வேண்டும், தரையில் ஜில்லிப்பு ஏறும். சுருதிக்கு எல்லோரையும் ஓம் சொல்லச் சொல்லி, யார் கழுத்திலும் நரம்பு புடைக்காத இடம் எதுவோ அதிலேயே போனில் சுருதிப் பெட்டியை வைத்துவிடுங்கள். ஆர்மோனியம், மிருதங்கம் வாங்குகிற ஆசை வேண்டாம், மழைக்காலத்து ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும்.

படுகர் வீட்டு அம்மா ஒருவர் எங்களோடு வருகிறார். கடைசியில் அவர் படுகர்கள் கும்பிடும் ஹெத்தையம்மன் பாட்டு ஒன்று பாடாமல் கற்பூரம் காட்டுவதில்லை. உங்கள் தெருவிலும் யாராவது இருப்பார்கள், கேளுங்கள்.

பிரசாதம் சுண்டல் மட்டும் என்று முதல் நாளே பேசிவிடுங்கள். எங்களுக்கு முதல் வாரம் சுண்டல், அடுத்த வாரம் கேசரி, மூன்றாவது வாரம் வடை பாயசம் என்று ஏறிப்போய், நாலாவது வீட்டுக்காரருக்குத் திடீரென்று பேத்தியின் பரீட்சை வந்துவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை வேறு. டம்ளரை அவரவரே கொண்டுவரட்டும்.

முடிந்ததும் வாசலில் ஏற்றிய அகல், எண்ணெய்க் கிண்ணம், வாழைப்பழத் தோல் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவைத்துக் கதவைத் தாழிடுங்கள். விளக்கில் ஊற்றுகிற எண்ணெய் வாசனைக்குக் கரடி கோயில் கதவையே உடைக்கிற ஊர் இது.