மசாலா மூட்டை சோதனைக்குப் போகுமுன்

புதிதாக மசாலா இறக்குமதியில் இறங்குபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அக்கா, கொள்கலனைத் திறந்து பார்ப்பாங்களா?" என்றுதான். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு சிறு கடைக்குக் கப்பல் காகிதங்களைப் பார்த்துக்கொடுப்பவள் நான். திறப்பதும் திறக்காததும் அதிர்ஷ்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. என்ன பொருள், எங்கிருந்து வருகிறது, முன்பு வந்த சரக்கு எப்படி இருந்தது என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

ஆஸ்திரேலியா இதைக் கணக்காகவே போட்டு வைத்திருக்கிறது. பெர்த்தில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பா மகன் மிளகு இறக்கினால், சால்மொனெல்லா கிருமிக்காக முதலில் எல்லாச் சரக்கும் சோதனைக்குப் போகும். ஒரே தயாரிப்பாளரின் சரக்கு தொடர்ந்து ஐந்து முறை தேறினால் அது 25 விழுக்காடாகக் குறையும். அப்புறம் இன்னும் இருபது தேறினால் 5 விழுக்காடு. ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. அதனால், கிலோவுக்குப் பத்துக் காசு குறைகிறது என்று தயாரிப்பாளரை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

இங்கே காகித வேலை சுலபம். சிங்கப்பூர் உணவு அமைப்பில் பதிந்துகொண்டு, ஒவ்வொரு சரக்குக்கும் டிரேட்நெட் என்ற இணைய அனுமதித் தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். அனுமதியில் உள்ள நிபந்தனைகளை வரி விடாமல் படியுங்கள். சோதனை என்று போட்டிருந்தால், அது முடியும்வரை ஒரு மூட்டையைக்கூடக் கடைக்கு அனுப்பாதீர்கள்.

உண்மையான வேலை அனுப்புகிறவர் கிடங்கில்தான். குண்டூர் மிளகாய் வற்றலைக் குளிர்சாதனக் கிடங்கிலிருந்து எடுத்த உடனேயே கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். அஃப்லாடாக்சின் என்ற பூஞ்சை நச்சு இப்படியும் வரும். எடை கூடவும், காய் உடையாமல் இருக்கவும் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. ஒரு வற்றலைக் காதருகே ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். மூட்டையின் மேல்வாயில் மட்டும் பார்த்தால் போதாது. குத்தூசியை நடுவிலும் அடியிலும் விட்டு எடுத்து, சலித்து, வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். மாவுபோல் தூள், புழுவின் சட்டை, பொடி ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது. சாக்கின் தையலையும் மடிப்பையும் பிரித்துப் பாருங்கள். சேமித்த தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டின் புழு உணவில்லாமலே நெடுநாள் உயிரோடிருக்கும், கொள்கலனின் தரையிடுக்கில்கூடப் பதுங்கியிருக்கும். (இந்த வண்டுக்குப் பயந்துதான் அம்மா கொடுத்தனுப்பும் மல்லி, சீரகத்தைக்கூட ஆஸ்திரேலியாவுக்குப் பெட்டியில் கொண்டுபோக முடியாது.)

கிருமியைக் கொல்வதற்கு எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவைப் போடுபவர்கள் உண்டு. மசாலாவுக்கு இங்கே அதைத் தடை செய்யவில்லை. ஆனால் எச்சம் வரம்பைத் தாண்டக்கூடாது. 2024 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மீன்கறி மசாலா திரும்பப் பெறப்பட்டது அதனால்தான். முழு மசாலாவை நீராவியில் சுத்தம் செய்து வாங்கி இங்கே அரைப்பதுதான் என் பழக்கம். வாசனை கொஞ்சம் இறங்கும், பரவாயில்லை. மஞ்சளை மட்டும் முழுசாக வாங்கினாலே பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். பங்களாதேஷில் விரலி மஞ்சளுக்கு மெருகேற்ற லெட் குரோமேட் என்ற ஈயம் கலந்த மஞ்சள் சாயத்தைப் பூசியதை 2019இல் வந்த ஆய்வு வெளிப்படுத்தியது. கண்ணைப் பறிக்கும் மஞ்சளைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் ஈயத்துக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வு அறிக்கை வந்ததும் முதலில் லாட் எண்ணை, அதாவது எந்தத் தொகுதிச் சரக்கு என்று காட்டும் எண்ணைப் பாருங்கள். அறிக்கையில் ஒன்று, சாக்கில் ஒன்று, இன்வாய்ஸில் வேறொன்று என்றால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. கொள்கலன் நிறையவில்லை என்று கடைசி நேரத்தில் வேறு லாட்டை அள்ளிப்போடுவது ஏஜெண்டுகளின் வழக்கம். ஏற்றும்போதே சாக்கு எண்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு மறுபடி ஏற்றுமதி செய்வதாக இருந்தால், மூட்டை அடுக்கும் மரப் பலகைகளில், பூச்சி நீக்கப்பட்ட மரம் என்று காட்டும் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கிறதா என்பதையும் அந்தப் படத்திலேயே பார்த்துவிடலாம்.

அதிகாரி வரும் நாளில் மூட்டைகளைச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள், நான்கு பக்கமும் நடக்க வழி வேண்டும். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பை மாதிரியை முத்திரை வைத்து, அந்தச் சரக்கு விற்றுத் தீரும்வரை எடுத்து வையுங்கள். பின்னால் யாராவது புகார் செய்தால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.