விரால் ராடை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்: ஆழத்தில் முங்கும் கிராங்க் பெய்ட்டுக்கு ராடும் நரம்பும்

அக்கா மகன் டல்லாஸுக்கு வேலைக்குக் கிளம்பினான். பெட்டியில் சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல் எல்லாம் அடைத்து முடித்த பிறகு, தன் விரால் ராடை எந்தப் பெட்டியில் சொருகுவது என்று வளவில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தான். "மாமா, அங்கே ஏரியில் பாஸ் மீன் கிடக்குமாமே, ஆழத்துக்குப் போகிற லூர் மட்டும் அங்கே வாங்கிக்கொண்டால் போதும்ல, ராடு இதுவே போதும்ல?" என்று கேட்டான். லூர் என்றால் கொக்கி வைத்த பொய் இரை. அதை மட்டும் மாற்றினால் போதாது. டெக்சாஸில் நான் வேலை பார்த்த காலத்தில் முதல் கோடை முழுக்க இதே தப்பைச் செய்து, கொத்திய மீனில் பாதிக்கு மேல் படகுப் பக்கத்தில் விட்டேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நம் பக்கம் தூண்டில் போட்டு வளர்ந்தவர்களுக்கு விரால்தான் பள்ளிக்கூடம். தாமரை இலைக்கு நடுவே தவளை லூரைப் போட்டு, தண்ணீர் வெடித்ததும் ஓங்கி ஒரு இழு, அப்புறம் கொடியோடு சேர்த்து மீனைக் கரைக்குத் தூக்கு. அதற்கு வேண்டியது விறைப்பான ராடு, 40, 50 பவுண்டு இழுவை தாங்கும் பிரெய்டு, அதாவது பின்னிய தூண்டில் நரம்பு, வேகமான ரீல். ஆழத்துக்குப் போகிற கிராங்க் பெய்ட்டுக்கு இந்த மூன்றையுமே தலைகீழாக்க வேண்டும். ராடு வளைய வேண்டும், நரம்பு மெலிய வேண்டும், ரீல் மெதுவாக வேண்டும்.

முதலில் அந்த லூர் என்ன செய்கிறது என்று பாருங்கள். குண்டு உடம்பு, முன்னால் நீளமாக அகலமாக ஒரு பிளாஸ்டிக் உதடு. சும்மா விட்டால் பெரும்பாலானவை மிதக்கும். இழுத்தால் அந்த உதட்டில் தண்ணீர் மோதி மூக்கைக் கீழே தள்ளும், லூர் ஆடிக்கொண்டே முங்கும். கோடையில் பாஸ் கூட்டம் கரையை விட்டு 12 அடி, 20 அடி ஆழத்தில், அணை கட்டும்போது மூழ்கிப்போன பழைய ஓடையின் விளிம்பிலும் மேட்டு முனைகளிலும் போய் நிற்கும். அந்த ஆழத்தில் தரையில் இடித்து, கல்லில் தட்டி, சட்டென்று திசை மாறும்போதுதான் மீன் அடிக்கும். தரையைத் தொடாத லூர் வெறும் உடற்பயிற்சி. ஆகவே ராடு, ரீல், நரம்பு எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்: இது லூரைத் தரைக்குக் கொண்டுபோய் அங்கேயே கொஞ்ச நேரம் வைத்திருக்குமா, கொத்திய மீனைக் கிழிக்காமல் கொண்டுவருமா?

ராடுக்கு வருவோம். ராடு மேல் இரண்டு சங்கதி எழுதியிருக்கும். பவர் என்பது எவ்வளவு பலம், ஆக்‌ஷன் என்பது எங்கே வளைகிறது. கடையில் பாதிப் பேர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். உங்களுக்கு வேண்டியது மீடியம் ஹெவி பவர், மாடரேட் ஆக்‌ஷன், அதாவது பலம் இருக்க வேண்டும், ஆனால் நுனி மட்டும் வளையாமல் நடு வரைக்கும் வளைய வேண்டும். ஏன் என்றால் இந்த லூரில் இருப்பது தவளை லூரில் இருக்கும் தடித்த முள் இல்லை, மூன்று முனை கொண்ட சின்னக் கொக்கிகள் இரண்டு. மீன் பின்னாலிருந்து வந்து உறிஞ்சும்போது ராடு கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் லூர் வாய்க்குள் போகும். விறைப்பாக இருந்தால் நாமே வாயிலிருந்து பிடுங்கிவிடுவோம். மாட்டின பிறகும் அதே கதைதான், சின்னக் கொக்கி மெல்லிய தோலில் நிற்கும், மீன் தலையை உதறினால் விறைத்த ராடு அந்த ஓட்டையைப் பெரிதாக்கிவிடும்.

என் தாத்தா மூங்கில் கம்பில் தங்கூசி கட்டிக் கெண்டை பிடித்தவர். அந்தக் கம்பு அடி வரைக்கும் வளையும். காசு கொட்டி நான் வாங்கிய கார்பன் ராடை விட இந்த வேலைக்கு அந்த மூங்கில்தான் நெருக்கம் என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் உறைத்தது. இன்றைக்கு மூங்கிலுக்குப் பதில் கண்ணாடி இழை ராடு இருக்கிறது. முழுக்கக் கண்ணாடி இழை என்றால் நன்றாக வளையும், ஆனால் கனம், நாள் முழுக்கப் பிடித்தால் தோள் இறங்கிவிடும். கார்பனும் கண்ணாடி இழையும் கலந்தது நல்ல நடுவழி, முதல் ராடாக நான் அதைத்தான் சொல்வேன். கடையில் சோதிக்க ஒரே வழி, நுனியை ஒருவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் மெதுவாக அடியைத் தூக்குங்கள். வளைவு மேல்பகுதியோடு நின்றுவிட்டால் வைத்துவிடுங்கள், பாதி வரைக்கும் இறங்கி வந்தால் வாங்குங்கள்.

நீளம் 7 அடிக்குக் குறைய வேண்டாம், 7 அடி 4 அங்குலம் அல்லது 6 அங்குலம் வசதி. நீளம் எதற்கு என்றால் வீச்சுக்கு. லூர் விழுந்த இடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும், நடுவில்தான் தன் முழு ஆழத்தில் ஓடும், நம் பக்கம் வர வர மேலே ஏறிவிடும். குட்டையாக வீசினால் அது இறங்கி முடிப்பதற்குள் படகு வந்துவிடும். 35, 40 மீட்டர் வீசினால்தான் நடுப்பகுதி கொஞ்சம் நீளமாகக் கிடைக்கும். ராடில் எழுதியிருக்கும் லூர் எடையையும் பாருங்கள். ரப்பாலா டி.டி. 16 சுமார் 21 கிராம், பெயரில் இருக்கும் 16 அது போகிற அடிக் கணக்கு. ஸ்ட்ரைக் கிங் 6 எக்ஸ்.டி. 28 கிராம், அதன் அண்ணன் 10 எக்ஸ்.டி. 56 கிராம் கிட்ட வரும். அந்த அண்ணனுக்கு 8 அடியை ஒட்டிய தனி ராடே வேண்டும், முதல் வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ரீலைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நான் சொல்வது ராடு மேல் உட்காரும் உருளை ரீல். பெட்டி மேல் 5.4:1, 7.1:1 என்று போட்டிருக்கும். கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் உருளை எத்தனை சுற்று சுற்றும் என்ற கணக்கு அது. இதற்கு 5 சொச்சம் இருப்பதை வாங்குங்கள். அகல உதடு லூர் தண்ணீரில் வாளியை இழுப்பது மாதிரி இழுக்கும். சுமை ஏற்றிய டிராக்டர் கண்மாய்க் கரையில் ஏறும்போது எந்த கியர் போடுவீர்களோ அதுதான் இங்கேயும். 7 சொச்சம் ரீலில் மெதுவாகச் சுற்றுகிறேன் என்பவர்கள் மத்தியானத்துக்குள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், நானும் உட்கார்ந்திருக்கிறேன். வேகமாகச் சுற்றினால் இன்னும் ஆழம் போகும் என்பதும் ஓரளவுக்குத்தான் சரி. அதைத் தாண்டினால் லூர் பக்கவாட்டில் கவிழ்ந்து மேலே வந்துவிடும்.

இப்போது நரம்பு. நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள். லூரை மேலே பிடித்து நிறுத்துவது நரம்பின் தடிமன். 30 மீட்டர் நரம்பு தண்ணீருக்குள் குறுக்கே கிடக்கும்போது அதன் முழு நீளத்திலும் தண்ணீர் தள்ளும். ஃபுளோரோகார்பன் என்கிற ஒற்றை இழை நரம்பில் 10 பவுண்டு சுமார் 0.28 மில்லிமீட்டர், 20 பவுண்டு சுமார் 0.40. பார்க்க ஒரு மயிரிழை வித்தியாசம்தான், ஆனால் 20 பவுண்டு போட்டால் அதே லூர் சில அடி மேலேயே நின்றுவிடும். 16 அடி என்று அட்டையில் போட்டிருக்கிறதே, 12 அடித் தரையைக்கூடத் தொடவில்லையே என்று லூரைத் திட்டாதீர்கள், நரம்பைப் பாருங்கள்.

அடுத்தது மிதப்பதா முங்குவதா என்பது. ஃபுளோரோகார்பன் தண்ணீரை விடக் கிட்டத்தட்ட 1.8 மடங்கு அடர்த்தி, தானாகவே முங்கும். சாதா நைலான், அதாவது நம் தங்கூசி, 1.1 சொச்சம்தான், மெதுவாக முங்கும், நிறைய இழுபடும். பிரெய்டு 0.97, மிதக்கும். ஆகவே ஃபுளோரோகார்பன் 12 பவுண்டு என்று ஆரம்பியுங்கள். திறந்த, தெளிந்த தண்ணீரில் 10க்கு இறங்கலாம். மரக்கட்டை, பாறை அதிகம் என்றால் 15. அதற்கு மேல் வேண்டாம்.

"பிரெய்டு 20 பவுண்டு 0.23 மில்லிமீட்டர்தானே மாமா, இன்னும் மெல்லிசாச்சே" என்று மாப்பிள்ளை மடக்கினான். சரியான கேள்வி. ஆழம் போகும், மறுக்கவில்லை. ஆனால் பிரெய்டு துளிகூட இழுபடாது, மீன் உதறுவது முழுக்க அந்தச் சின்னக் கொக்கியில் போய் விழும். கல்லில் உரசினால் பட்டென்று அறுந்தும் போகும். ராடுக்குக் கீழே தொங்குகிற ஸ்பின்னிங் ரீல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், 4000 அளவு ரீலில் 15 அல்லது 20 பவுண்டு பிரெய்டு போட்டு, முன்னால் ஒரு ஆள் உயரத்துக்கு 12 பவுண்டு ஃபுளோரோகார்பனை லீடராக, அதாவது முன்துண்டு நரம்பாகக் கட்டி, ராடை நன்றாக வளைகிற ராடாக வைத்துக்கொண்டு ஓட்டலாம். மீன் கிடைக்கும். மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கிற டிராகை மட்டும் விரால் கணக்கில் இறுக்காதீர்கள். 12 பவுண்டு நரம்புக்கு 3, 4 பவுண்டில் நரம்பு வெளியே ஓட வேண்டும். கையால் இழுத்து உத்தேசமாக வைப்பதை விட, பழைய பேப்பர்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு தொங்கு தராசு வாங்கி ஒருமுறை அளந்து பாருங்கள், உங்கள் உத்தேசம் எவ்வளவு தப்பு என்று தெரியும்.

முடிச்சுக்கு பாலோமர் போதும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் சூட்டில் ஃபுளோரோகார்பன் அந்த இடத்திலேயே பலம் இழந்துவிடும். லூரின் மூக்கில் வளையம் இருந்தால் வளையத்தில் கட்டுங்கள், வெறும் கம்பிக் கண்ணில் இறுக்கிக் கட்டினால் ஆட்டம் குறையும். தரையில் இடித்துக்கொண்டே வருவதால் கடைசி ஒரு அடி நரம்பு சொரசொரப்பாகிவிடும், விரலால் தடவிப் பார்த்து வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். நான் சோம்பல்பட்டு இழந்த லூர்களை வரிசையாக அடுக்கினால் முகப்பிலிருந்து பட்டாலை வரைக்கும் வரும்.

வீசிப் பழக ஊரில் எங்களுக்கு ஒரு வசதி உண்டு. இந்தத் தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகள். கொக்கியில்லாத ஈயக்குண்டைக் கட்டி, முகப்பிலிருந்து நிலைகளுக்கு நடுவே பின்கட்டு வரை வீசிப் பழகலாம் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டாவது வீச்சில் குண்டு பெல்ஜியம் கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. ஆச்சி எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் பொட்டலுக்குப் போய்விடுங்கள். உருளை ரீல் புதிது என்றால், பக்கத்துத் திருகை இறுக்கி, குண்டு மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் உருளையும் நிற்கிற அளவுக்கு வைத்துக்கொண்டு பழகுங்கள், சிக்கு விழுவது குறையும்.

இழுக்கும்போது ராடு நுனியைத் தண்ணீர்ப் பக்கம் கீழே வையுங்கள். ஓரிரு அடி ஆழம் கூடும். மீன் அடித்தால் ஓங்கி இழுக்கவே கூடாது. கனம் தெரிந்ததும் சுற்றுவதை நிறுத்தாமல் ராடைப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள், அவ்வளவுதான். கை தானாக மேலே ஓங்கும், விரால் பழக்கம், எனக்குப் போக மாதக்கணக்கில் ஆனது. லூர் இடது பக்கமே ஓடினால் மூக்குக் கண்ணை இடுக்கியால் வலப்பக்கம் ஒரு துளி வளையுங்கள். நேராக ஓடாத லூர் முழு ஆழம் போகாது.

சரி, இதெல்லாம் நம் கண்மாயில் ஆகுமா? பெரும்பாலும் ஆகாது. மழை கழிந்து தை மாதத்தில் கண்மாய் நிறைந்திருக்கும்போதுகூட மடைக்குப் பக்கத்தில்தான் சொல்லிக்கொள்கிற ஆழம். மற்றதெல்லாம் இடுப்பளவு, அதற்குள் கருவேலங்கட்டை. லீவில் வந்தபோது ஒரு டி.டி. 16ஐ மடைப் பக்கம் வீசினேன், மூன்றாவது சுற்றில் கட்டையில் மாட்டியது. மாட்டினால் இழுக்காமல் நரம்பைத் தளர விடுங்கள், மிதக்கிற லூர் பல நேரம் தானே பின்வாங்கி வெளியே வந்துவிடும். எனக்கு வரவில்லை, நான் பதற்றத்தில் இழுத்துவிட்டேன். 6 அடி போகிற சின்ன லூர் என்றால் மடைப் பக்கம் முயற்சி செய்யலாம், மீன் பாசிக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டுவிட்டு. ஊருணியில் வேண்டாம், அது குடிக்கிற தண்ணீர்.

தொண்டிப் பக்கம் போய்க் கொடுவா பிடிக்கிறவர்களுக்கு ஒன்று மட்டும். கொடுவாயின் செவுள் மூடி கத்தி மாதிரி, 12 பவுண்டு லீடர் நிற்காது. 30, 40 பவுண்டு கட்டுங்கள், அதனால் லூர் கொஞ்சம் மேலேயே ஓடும் என்பதைக் கணக்கில் வைத்து ஒரு அளவு ஆழமான லூராக எடுங்கள்.

பையன் விரால் ராடை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். போன வாரம் கூப்பிட்டு, ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும், எது என்று சொல்லுங்கள் என்றான். 7 அடி 4 அங்குலக் கலப்பு ராடு, மீடியம் ஹெவி, மாடரேட். 5.4 ரீல். 12 பவுண்டு ஃபுளோரோகார்பன். டி.டி. 10 ஒன்று, 16 ஒன்று. மீன்பிடி உரிமத்தை முதலில் எடு என்றும் சொன்னேன்.