பழைய மரத்தில் பெயர்ப்பலகை: பலகை தேயலாம், புள்ளி தேயக்கூடாது

வீடு இடித்த மரத்தில் பெயர்ப்பலகை செய்யும்போது பெரும்பாலும் கெடுவது மரமோ பெயின்டோ அல்ல, எழுத்துதான். பழசாகத் தெரியட்டும் என்று உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘அன்னை இல்லம்’ என்ற பெயரில் மூன்று புள்ளிகள் உண்டு. மூன்றும் போனால் ‘அனனை இலலம’ ஆகிவிடும். அடுத்த ஆபத்து சுழி. ண, ன இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஒரே ஒரு சுழிதான். அதனால் எழுத்தின் அளவை முடிவு செய்துவிட்டுத்தான் மரம் தேட வேண்டும்.

‘அன்னை இல்லம்’ என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். எழுத்து 8 செ.மீ உயரம் என்றால், பெயர் ஏறக்குறைய 75 செ.மீ நீளம் பிடிக்கும். இரு பக்கமும் 7 செ.மீ விட்டால் 90 செ.மீ நீளப் பலகை வேண்டும். அகலம் 25 செ.மீ, கனம் 2.5 செ.மீ போதும்.

மரம்

பழைய கதவுப் பலகைதான் முதல் தேர்வு. தேக்கு கிடைத்தால் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு மாதிரியான பழம்பொருள் கடைகளிலும், ஊரில் இடித்த வீட்டுச் சாமான் விற்கும் மரக்கடைகளிலும் கேட்டுப் பாருங்கள். உத்திரம், கைமரம் வேண்டாம். அவற்றை அறுத்துப் பலகையாக்கினால் உள்ளிருந்து புது முகம் வந்துவிடும், அப்புறம் பழைய மரம் வாங்கி என்ன பயன்?

பேக்கிங் பலகை எடுத்தால் அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ (HT) என்றால் நடுமரம் வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்தது, எடுக்கலாம். ‘எம்.பி.’ (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற பூச்சிக்கொல்லிப் புகை போட்டது, வீட்டுக்கு வேண்டாம்.

பலகையை நிமிர்த்தித் தரையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். சிறு துளைகளிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினால் உள்ளே வண்டு இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கரையான், வண்டு மருந்தை இரண்டு முறை பூசி, டப்பாவில் சொன்ன நாள்வரை காயவிடாமல் பெயின்ட் பக்கம் போகாதீர்கள். புதைந்த ஆணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும்.

பழைய பெயின்ட் ஒட்டியிருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது. பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, எனவே பழைய கதவில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்து, நனைந்த நிலையில் சுரண்டி, சுரண்டலைச் செய்தித்தாளில் பிடித்து மூட்டை கட்டுங்கள். முகக்கவசம் கட்டாயம். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம்.

முன்பக்கத்தில் இழைப்புளி போடாதீர்கள். கம்பி பிரஷால் ரேகை ஓடும் திசையில் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் ஒரு வாரம் காயவிட்டால் போதும்.

அடிப்பூச்சு

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. தின்னர் நனைத்த துணியால் துடைத்து அன்றைக்கே பூசாவிட்டால் பெயின்ட் பிறகு பொருக்குப் பொருக்காக உரியும். மரத்துச் சாயம் வெள்ளைப் பெயின்டுக்கு மேல் பழுப்புக் கறையாக ஊறி வருவதும் உண்டு. எத்தனை கோட்டிங் அடித்தாலும் அது திரும்ப வரும். தடுக்க அரக்குப் பூச்சு வேண்டும்: 100 மி.லி. ஸ்பிரிட்டில் 25 கிராம் அரக்கை ஓர் இரவு ஊறவைத்து, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்து, ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பூசுங்கள். பின்பக்கத்துக்கும் பூசுங்கள். ஒரு முகம் மட்டும் பூசிய பலகை மழைக்காலத்தில் வளைந்துவிடும்.

இனி நிறம். அடியில் கரும்பச்சையோ காவியோ, மேலே வெளிர் நிறம் என்பது நன்றாக எடுக்கும். 100 மி.லி. எமல்ஷனில் இரண்டு மேசைக்கரண்டி சாக் பவுடரைத் தண்ணீரில் குழைத்துக் கலந்தால் பளபளப்பு போய், தேய்க்கும்போது தூளாக உதிரும். அடிநிறம் காய்ந்ததும் ஓரங்களிலும் மூலைகளிலும் மெழுகுவத்தியால் கீறிவிடுங்கள், மேல்நிறம் அங்கே பிடிக்காது. எழுத்து வரும் இடத்தில் மெழுகு ஒரு கீற்றுகூடப் படக்கூடாது, பட்டால் எழுத்து மொத்தமாகப் பெயர்ந்து வரும்.

எழுத்து

சாக்பீஸ் தடவிய நூலை அடித்து மேல்கோடும் கீழ்கோடும் போடுங்கள். எழுத்தை அச்செடுத்து, தாளின் பின்பக்கம் கரி தேய்த்து, பேனாவால் அழுத்தி வரைந்தால் தடம் பதியும். கோட்டின் தடிப்பு 10 முதல் 12 மி.மீ. புள்ளியை வளையமாக விடாமல் நிரப்பி, 14 மி.மீ. குறுக்களவில் வையுங்கள். எழுத்துக்கும் புள்ளிக்கும் 8 மி.மீ. இடைவெளி வேண்டும். சுழியின் உள்ளே குறைந்தது 8 மி.மீ. வெளி இருக்கட்டும், குறைந்தால் தூரத்திலிருந்து அடைந்துபோன கறையாகத் தெரியும். மெல்லிய கோடு கொண்ட கணினி எழுத்துருக்கள் இந்த வேலைக்கு உதவாது. பழைய கடைப்பலகை ஓவியர்கள் எழுதிய தடித்த, உருண்ட எழுத்தே சரி.

வீட்டுக்குள் மாட்டுவதானால் எழுத்துக்கும் எமல்ஷன் போதும். மழை படும் இடத்துக்கு எனாமல் வேண்டும், ஆனால் ஐந்து நாள் காயாமல் தேய்த்தால் பிசினாகத் திரண்டு உப்புத்தாளில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேய்ப்பது எழுதிய பிறகுதான். பலகையைத் தேய்த்துவிட்டு எழுதினால் பழைய பலகையில் நேற்று எழுதியது போல இருக்கும். மரக்கட்டையில் 120 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, ரேகையோடு தேயுங்கள். உண்மையில் எங்கே தேயும் என்று யோசியுங்கள்: மூலைகள், மழைத்துளி தெறிக்கும் கீழ் ஓரம், ஆணித்துளையைச் சுற்றி. எல்லா இடமும் ஒரே அளவு தேய்ந்தால் போலி என்று உடனே தெரியும். எழுத்தில் கோட்டின் நடுவே மட்டும் 220 நம்பரால் இரண்டு மூன்று இழுப்பு இழுங்கள். புள்ளிகளின் மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள், முடிந்ததும் எடுத்துவிட்டு ஒரே ஒரு இழுப்பு. அவ்வப்போது ஐந்து மீட்டர் தள்ளி நின்று வாசியுங்கள். தடுமாறினால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஓரத்தில் மிஞ்சிய மெழுகை டர்பன்டைனால் துடைக்காவிட்டால் வார்னிஷ் பிடிக்காமல் திட்டுத்திட்டாக விலகும். தண்ணீரில் கரையும் மேட் பாலியுரித்தேன் இரண்டு கோட் போதும், எண்ணெய் வகை வெள்ளையை மஞ்சளாக்கும். இரு முனைகளிலும் அறுத்த முகம் தண்ணீரை உறிஞ்சும், அங்கே மூன்று கோட்.

இந்த அளவுத் தேக்குப் பலகை நான்கு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். சுவரில் 8 மி.மீ. துளை, பிளக், 75 மி.மீ. திருகு இரண்டு. பலகைக்கும் சுவருக்கும் நடுவே 10 மி.மீ. கட்டை வைத்துக் காற்றோட விடுங்கள். வெளியே மாட்டியதென்றால் மேல் விளிம்பை மட்டும் ஆண்டுதோறும் மழைக்கு முன் ஒரு கோட் பூசுங்கள். தண்ணீர் தேங்கி முதலில் உரிவது அங்கேதான்.